வேலை: இல்லத்தரசி

1

ஆகஸ்ட் முதல் தேதி இங்கே எல்லாக் குதிரைகளுக்கும் பிறந்தநாள். நியூசிலாந்தில் பந்தயக் குதிரைகளுக்கு அப்படியொரு ஏற்பாடு. செப்டம்பரில் பிறந்த குட்டியோ டிசம்பரில் பிறந்த குட்டியோ, அடுத்த ஆகஸ்ட் ஒன்று வந்தால் ஒரு வயது ஏறிவிடும். நம் ஊரில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வாரே, அதே கதைதான். என் சான்றிதழிலும் ஜூன் மாதம்தான் இருக்கிறது. நான் பிறந்தது கார்த்திகை மழையில் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள்.

அன்றைக்கு எங்கள் குதிரை மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மாள் கேரட் கேக் செய்து கொண்டுவருவார். குதிரைகளின் பெயரைச் சொல்லி நாங்கள் தின்போம். இந்த வருஷம் நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது போனில் மின்னஞ்சல் வந்தது. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் அக்கா எஸ்தருக்காக நான் போட்டிருந்த சுற்றுலா விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள்.

இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. குதிரைகளின் இனப்பெருக்கம்தான் என் படிப்பு, ஆராய்ச்சி, சோறு எல்லாம். பதினாறு வருஷத்தில் அக்கா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. போன பொங்கலுக்குப் பேசும்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

"ஒரு தபா அங்க வந்து உன் குதிரைங்கள பாக்கணும்டா. குட்டி பொறந்து எழுந்து நிக்குமாமே, அத பாக்கணும். அவ்ளோதான். அப்பால நான் எதுவும் கேக்க மாட்டேன்."

"வாக்கா, தாராளமா வா, நான் எல்லாம் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

சாயங்காலம் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து அந்தக் கடிதத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பதாரருக்கு வேலை இல்லை, சொந்த வருமானம் இல்லை, ஆகவே குறித்த நாளில் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று நம்பக் காரணம் போதவில்லை. இதுதான் சாரம். என் மகள் ரூத் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதினாலு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் சில்லறை எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிப் பேசுவாள்.

"அப்பா, தப்பு போட்டிருக்காங்க. அத்தை ஹவுஸ்வைஃப் இல்ல. அத்தை கம்பெனில லைன் இன்சார்ஜ்."

"உனக்கு யாரு சொன்னது?"

"நான் கேட்டேன். ஸ்கூல்ல ஃபேமிலி பத்தி எழுதணும்னு சொன்னாங்க. அத்தைக்குக் கீழ நாப்பது பேர் இருக்காங்க. உனக்குத் தெரியாதா?"

பிள்ளைகள் கை நழுவிப் போகிறார்கள், தமிழ் தெரியவில்லை, உறவு தெரியவில்லை என்று நாங்கள் இங்கே கூடும் இடமெல்லாம் புலம்புவோம். நானும் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு மடிக்கணினியை மூடிவைத்தேன்.

2

எங்கள் அப்பா முதலில் ஏளாவூர்ப் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர். சிப்காட் வளர்ந்த பிறகு இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஒப்பந்தக்காரரிடம் லோடு ஏற்றப் போனார். பெயர் வேறு, கூலி ஒன்றுதான். நாங்கள் இரண்டு பிள்ளைகள். அக்கா என்னைவிட ஒரு வருஷம் மூத்தவள். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தாள், நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். நான் படித்த உயிரியல் புத்தகம் அவளுடையது. எது முக்கியம், எது பரீட்சைக்கு வரும் என்று அவள் சிவப்புப் பேனாவில் போட்ட அடிக்கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நான் மார்க் வாங்கினேன்.

அவள் பாஸான வருஷம் அப்பா ஒரு முடிவு எடுத்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேரை மேலே படிக்கவைக்க அவரால் முடியாது. "ஒரு வருஷம் கம்பெனிக்குப் போம்மா. தம்பி சீட்டு முடிஞ்சதும் நீ சேந்துக்கலாம்" என்றார். அக்கா மறுவாரமே காலையில் கம்பெனி பஸ் ஏறினாள். கார்களுக்குள் போகிற ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை. அந்த ஒரு வருஷத்துக்கு இப்போது இருபத்து நாலு வயது.

எனக்குச் சென்னையில் கால்நடை மருத்துவம் கிடைத்தது. விடுதிச் செலவு அக்காவின் சம்பளம். குதிரை என் வாழ்க்கையில் வந்தது தற்செயலாகத்தான். கடைசி வருஷப் பயிற்சிக்கு வெளி மாநிலத்துக் குதிரைப் பண்ணை ஒன்றுக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். பாஷை தெரியாத ஊர், குளிர், உதை. யாரும் கை தூக்கவில்லை. நான் போனேன். பெண்குதிரைக்குச் சினை பார்க்க, தோள் வரை உறை மாட்டிக்கொண்டு பின்வழியாகக் கையை விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். என் கை நீளமாக, ஒல்லியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கொக்கு என்று கிண்டல் செய்வார்கள். பண்ணை டாக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, "நீ இதுக்கே பொறந்திருக்கே" என்று சிரித்தார். உள்ளே கையை வைத்த அந்த நிமிஷம், மூடிக்கிடக்கும் ஒன்று விரலுக்கு மட்டும் தெரிந்த அந்த நிமிஷம், எனக்கும் அப்படித்தான் பட்டது.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. மேல்படிப்பு, உதவித்தொகை, இந்த நாட்டில் நான்கு வருஷ ஆராய்ச்சி. இணை சேர்ந்த பிறகு சில பெண்குதிரைகளின் கருப்பை ஏன் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வதில்லை, அதனால் கரு ஏன் தங்குவதில்லை என்பது என் கேள்வி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். நான்கு வருஷம் அதே கேள்வி. பட்டம் வாங்கியும் இங்கே டாக்டராக வேலை பார்க்கத் தனித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். முதல் தடவை தோற்றேன். எட்டு மாசம் ஒரு நாய் மருத்துவமனையில் கூண்டு கழுவினேன். அம்மாவிடம் ஆராய்ச்சி என்று சொன்னேன். அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "கழுவுடா, இன்னா இப்ப. நீ எத்தினி நாளைக்குக் கழுவப்போற" என்றாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் முதல்முதலாக விமானம் ஏறிய நாளில் அக்கா ஷிஃப்ட் முடிந்து நேராக ஏர்போர்ட்டுக்கு வந்தாள். சாம்பல் நிற யூனிஃபார்ம் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. "மாத்திக்கினு வந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன். "மாத்திக்கினு வந்தா நீ பறந்திருப்ப" என்று சிரித்தாள். ஊர்ப் பேச்சில் பேசுவதையே விட்டுவிட்டிருந்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஊர்ப் பேச்சில் வந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு மட்டமான வாக்கியம்!

3

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் என்னைக் குதிரைக்குப் பிரசவம் பார்க்கிறவன் என்பார்கள். பிரசவம் கடைசியில் வருவது. அதற்குப் பதினோரு மாசம் முன்னால்தான் என் வேலை. நம் பக்கத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட்டுவிட்டு டாக்டர் சைக்கிளில் போய்விடுவார், தங்கினால் தங்கியது. இங்கே பந்தயக் குதிரைகளுக்கு ஊசியே கூடாது, ஆணும் பெண்ணும் நேரில்தான் சேர வேண்டும் என்பது சட்டம். எந்த நாள், எந்த வேளை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்வது நான். சேர்ந்து இரண்டு வாரத்தில் கரு தங்கியதா என்று பார்ப்பதும் நான்.

சீசன் செப்டம்பரில் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை. அந்த நான்கு மாசம் எனக்கு ஞாயிறு கிடையாது, சர்ச் கிடையாது. விடிந்தால் பண்ணை. கம்பித் தடுப்புக்குள் ஒவ்வொரு குதிரையாக வந்து நிற்கும். தோள் வரை உறை, கையில் ஸ்கேன் கருவி, கண் திரையில். கரு இருந்தால் சின்னக் கறுப்பு வட்டம் தெரியும். கோலிக்குண்டு அளவு. அதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தோஷம்.

சில சமயம் இரண்டு வட்டம் தெரியும். அதுதான் பேஜாரு. ஆட்டுக்கு இரட்டை என்றால் வீட்டில் கொண்டாட்டம். குதிரைக்கு இரட்டை தாங்காது. இரண்டையும் விட்டால் பெரும்பாலும் மாசம் ஏறிய பிறகு இரண்டும் செத்து விழும், சில நேரம் தாயும் போகும். அதனால் இரண்டு வாரத்துக் கருவாக இருக்கும்போதே ஒன்றை அழுத்தி உடைத்துவிட வேண்டும். கருவியும் விரலும் போதும். திரையில் வட்டம் நெளியும், பிறகு இருக்காது. ஒரு நிமிஷ வேலை. நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், வழக்கமான வாரப் பேச்சில், இதை அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு என் வேலையின் ஒவ்வொரு விஷயமும் தெரிய வேண்டும். விடமாட்டாள்.

"ரெண்டுல எத அழிப்ப? நோஞ்சானா கீறதையா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்க்கா. பதினஞ்சு நாள்ல நோஞ்சான்னு எப்படித் தெரியும்?"

"அப்ப எப்டிதான் முடிவு பண்ணுவ?"

"எது கைக்குச் சுலபமா எட்டுதோ அதை."



"அப்ப அதும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள் அக்கா. பிறகு அம்மாவின் முழங்கால் வலிக்குப் பேச்சை மாற்றிவிட்டாள்.

அவள் குதிரையை மட்டும் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரியாத மாதிரி முழங்காலுக்கு என்ன மாத்திரை என்று விசாரித்தேன்.

4

இப்போது அந்த விண்ணப்பம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு, இணையத்தில் பாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் என்று மளமளவென்று போனது. வேலை என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. வேலையில் இருப்பவர் என்பதை அழுத்தினேன். இன்னொரு பக்கம் திறந்துகொண்டது. நிறுவனத்தின் பெயர், பதவி, சேர்ந்த தேதி, நிரந்தரமா ஒப்பந்தமா, மேலாளர் பெயர், விடுப்புக் கடிதம். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. கம்பெனியின் பெயரையே மூன்று எழுத்துச் சுருக்கமாகத்தான் தெரியும்.

அங்கே அப்போது விடியற்காலை. போன் செய்தால் எழுப்ப வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பின்னால்தான் தெரிந்தது, முதல் ஷிஃப்ட்டுக்காக அவள் அந்நேரத்தில் குளித்து முடித்துத் தலைவாரிக்கொண்டிருப்பாள். ஒப்பந்தத் தொழிலாளியாகத்தான் இருப்பாள், சம்பளச் சீட்டு இருக்காது, கடிதம் யார் தருவார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். திரும்பிப் போய்ப் பட்டியலில் இல்லத்தரசி என்பதை அழுத்தினேன். அந்தப் பக்கம் மூடிக்கொண்டது. அடுத்த கேள்வி வந்தது. அப்பாடா என்று இருந்தது.

சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். முழு உண்மை அது இல்லை. கல்லூரி விடுதியில் முதல் வாரம், என் அறையில் இருந்த பையன், ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளை, உன் அக்கா என்ன செய்கிறார் என்று கேட்டான். "வீட்டில்தான் இருக்கிறார்" என்றேன். நான் சாப்பிட்ட சாப்பாடு அவள் சம்பளத்தில் வந்தது. கம்பெனிக்குப் போகிறாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அன்றைக்குச் சொன்ன பொய்யை இத்தனை வருஷம் கழித்து அரசாங்கப் பாரத்தில் எழுதி, உண்மை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

விசா இல்லை என்று போனில் சொன்னபோது அக்கா, "உடுடா, அவன் குடுக்கலன்னா நீ இன்னா பண்ணுவ" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா, தப்பு என்னுடையது என்று மூன்று வார்த்தை. சொல்லவில்லை. "அந்த லெட்டர அனுப்பு, லீவு கேன்சல் பண்றதுக்குக் காட்டணும்" என்று கேட்டாள். இரண்டு நாள் இழுத்தடித்தேன். மறுபடி கேட்டாள். இங்கிலீஷ் கடிதம்தானே, யார் முழுசாகப் படிக்கப்போகிறார்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவளிடமிருந்து போன். கத்தவில்லை. அக்கா கத்தினால் பரவாயில்லை, அமைதியாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

"எச்ஆர் சாரு லெட்டர படிச்சாரு. 'இன்னா மேடம், இதுல நீங்க வேலையே செய்யலன்னு போட்டுக்கீது'ன்னாரு. எங்க லைன் பொண்ணுங்க ரெண்டு பேரு பக்கத்துல நின்னுக்கினு இருந்துச்சுங்க."

"அக்கா, அது வந்து..."

"நான் இன்னா ஊட்ல சும்மா குந்திக்கினு கீறேனா?"

"ஒப்பந்தமா இருக்கும், பேப்பர் இருக்காதுன்னு நெனச்சிட்டேன்க்கா."

"நான் பர்மனென்ட் ஆகி பதினோரு வருஷம் ஆவுதுடா. பர்மனென்ட் ஆன அன்னிக்கு உனக்குத்தான் மொதல்ல போன் பண்ணேன். சீசன்ல கீறேன், அப்பால பேசறேன்னு வச்சிட்ட."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"எங்க பொண்ணுங்கல்லாம் சேந்து எனக்கு ஸ்வெட்டரு வாங்கிக் குடுத்துச்சுங்க. குளிருமாமே அங்க. சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் அவள் போன் வரவில்லை. பதினாறு வருஷத்தில் அவள் பேசாத வாரம் அதுதான் முதல்.

விசா விஷயங்களுக்கு வழிசொல்கிற ஒருவரிடம் போய்க் கேட்டேன். இது முன்னைவிடச் சிக்கல் என்றார். முதலில் வேலை இல்லை என்று எழுதியவர், இப்போது இருபத்து நாலு வருஷமாக வேலையில் இருப்பதாகச் சொன்னால் இரண்டாவதுதான் பொய் என்று நினைப்பார்கள். விண்ணப்பத்தை நிரப்பியவர் ஏன் அப்படி எழுதினார் என்று காரணம் காட்டிக் கடிதம் தர வேண்டும். உண்மையான காரணத்தைச் சுருக்கமாக எழுதுங்கள் என்றார்.

நான்கு இரவு உட்கார்ந்தேன் என்று கதை விடமாட்டேன். ஐந்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது: என் அக்கா என்ன வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

5

செப்டம்பர் இரண்டாம் வாரம் விடுப்புக் கேட்டேன். எங்கள் தொழிலில் சீசன் தொடக்கத்தில் விடுப்புக் கேட்பது அறுப்பு நாளில் அரிவாளைக் கீழே வைப்பது மாதிரி. அப்பா இறந்தபோதுகூட நான் சீசன் என்று சொல்லி அடக்கம் முடிந்த பிறகுதான் போனேன். எங்கள் தலைமை மருத்துவர் பதறிப்போய், "வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். யாருக்காவது ஆபத்தா? இல்லை. பிறகு என்ன என்பதுபோல் பார்த்தார். அக்காவைப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு மேல் எந்தப் பாஷையிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்ன நினைத்தாரோ, பத்து நாள் கொடுத்தார்.

யாரிடமும் சொல்லாமல் போனேன். சென்னையில் இறங்கி நேராக சிப்காட். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோக்காரர் புகுந்து புகுந்து போனார். எத்தனை தடவை ஊருக்கு வந்திருக்கிறேன்! அக்காவின் கம்பெனி எந்தத் தெருவில் என்று வழி கேட்டது அன்றைக்குத்தான். வாசலில் காவல் கூண்டு. உள்ளே நரைத்த மீசையோடு ஒரு பெரியவர், முன்னால் நோட்டு.

"யாரப் பாக்கணும் சார்?"

"எஸ்தர். என் அக்கா."

"எஸ்தருன்னு மூணு பேரு கீறாங்களே. எந்த டிபார்ட்மெண்ட்டு? எம்ப்ளாயி நம்பரு இன்னா?"

தெரியாது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கான்றீங்க, டிபார்ட்மெண்ட்டு தெர்லயா?"

"லைன் இன்சார்ஜ். இருபத்து நாலு வருஷமா இங்கதான். நான் வெளிநாட்டுல இருக்கேன், நியூசிலாந்து."

பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். "அட, குதிர டாக்டரா நீங்க! எஸ்தர் மேடம் தம்பியா! இன்னா சார் இது, செப்டம்பரு ஆச்சே. சீசனாச்சே. குட்டிங்க பொறக்கற டைமாச்சே. உங்கள எப்டி உட்டாங்க?"

நோட்டில் அவரே எல்லாவற்றையும் எழுதினார். டிபார்ட்மெண்ட் என்ற இடத்தில் அவர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இறுதிச் சோதனைப் பிரிவு.

பத்தே முக்காலுக்கு டீ நேரம். அக்கா கிட்டத்தட்ட ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடா? யாருக்கு இன்னா ஆச்சி? ரூத்து நல்லாக்கீதா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலக்கா."

"பின்ன சீசன்ல இன்னாத்துக்கு வந்த?"

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கோட்டுப் பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பயம் போனபிறகு கோபம் வந்தது. வரட்டும் என்று நின்றேன்.

"மன்னிப்புலாம் எனக்கு இன்னாத்துக்கு? கோவமான்னு கேளு, ஆமான்னு சொல்றேன். நீ எழுதனதுக்குக் கூட இல்லடா. வேணும்னா எழுதின? கேக்கல பாரு, அதுக்குதான் கோவம். ஒரு வாரம் வுடாம உன் குதிரைங்க எப்டிக்கீதுன்னு கேக்கறேன். எந்தக் குதிரைக்கு ரெட்ட, எதுக்குத் தங்கல, எல்லாம் எனக்குத் தெரியும். உன் வேல எப்டிக்கீதுக்கான்னு ஒரு தபா, ஒரே ஒரு தபா நீ கேட்டுக்கீறியா?"

"இல்லக்கா."

"இல்லல்ல?"

"இல்ல."

பையில் இருந்த புது விண்ணப்பத்தை எடுத்தேன். கம்பெனியில் கடிதம் வாங்கித் தா, காரணத்தை நான் எழுதிவிட்டேன், சீசன் முடிவதற்குள் நீ வந்துவிடலாம் என்றேன். அவள் அந்தத் தாளை வாங்கவேயில்லை.

"இப்ப முடியாதுடா. லீவு போச்சி. புது மாடலு வருது, நாப்பது பொண்ணுங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கணும். உட்டுட்டு வர முடியாது. எனக்கும் சீசன் கீது."

மணி அடித்தது. "ஊட்டுக்குப் போ, அம்மா கீது. நாஷ்டா துன்னியா இல்லியா? ரெண்டு மணிக்கு வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தாள். கதவருகே காத்திருந்த இரண்டு பெண்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் அக்கா எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளுக்காக எங்கேயும் காத்திருந்ததில்லை என்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

இரண்டு மணிக்குச் சாம்பல் கோட்டுகள் கூட்டமாக வெளியே வந்தன. அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "இங்கயே கீறியா, லூசு" என்றாள். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நான் கேட்டேன். "வேல எப்படிக்கா போவுது?"

சட்டென்று நின்று என் முகத்தைப் பார்த்தாள். கிண்டலா என்று பார்த்திருப்பாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். பஜார் வரும்வரை நிறுத்தவில்லை. எந்த ஒயரில் என்ன குறை வரும், அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரல் எப்படிக் கண்டுபிடிக்கும், எந்த மெஷினில் என்ன கோளாறு, எந்தப் பெண் தேறுவாள், மேனேஜரிடம் எதற்காகச் சண்டை போட்டாள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நான் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். பாதி எனக்குப் புரியவில்லை. என் வேலையின் வார்த்தைகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் வேலையின் வார்த்தை ஒன்றுகூட எனக்குத் தெரியாது.